உள்ளே ஒன்றும் இல்லாத இலை

ஒவ்வொரு மருந்துச் செடிக்குள்ளும் என்னென்ன வேதிப்பொருள் இருக்கிறது என்பது தனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று அரசாங்கத்துக்கு ஒரு நாள் தோன்றியது. தோன்றியதில் தப்பு சொல்ல முடியாது. வீட்டுக்குள் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கிற அரசாங்கம், இலைக்குள் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்காமல் விடுமா? இத்தனை காலமும் இஞ்சியும் வேம்பும் சோற்றுக்கற்றாழையும் யாருக்கும் எதையும் தெரிவிக்காமல், தம் பாட்டுக்கு முளைத்து, தம் பாட்டுக்கு நோயைத் தீர்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. இந்த ஒழுங்கீனத்துக்கு முடிவு கட்ட, மூலிகை உட்பொருள் கண்காணிப்பு அலுவலகம் என்று ஒன்று திறக்கப்பட்டது. செருப்புக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. கட்டடத்தில் லிஃப்ட் உண்டு. அது வேறு துறையைச் சேர்ந்தது என்பதால் இந்த மாடியில் நிற்காது.

அலுவலகம் திறந்ததும் முதல் உத்தரவு வந்தது. மூலிகை விற்கிற ஒவ்வொரு கடையும் தன் சரக்கில் ஒரு மாதிரியைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். பரிசோதித்து அனுமதி தரப்படும். அனுமதி இல்லாத கடையின் போர்டு கழற்றப்படும்.

அதே தெருவின் இன்னொரு முனையில் தைலக்கார அக்காவின் கடை இருந்தது. தைலம் மட்டும்தான் விற்கிறாள் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் கடைக்குப் பெயர் வாங்கித் தந்தது கற்பூரவல்லி. கடையின் பின்வாசலைத் திறந்தால் ஒரு சின்ன முற்றம். அதில் உடைந்த வாளி, ஓட்டை டிரம், பழைய குளியல் தொட்டி என்று கிடைத்ததில் எல்லாம் செடி. இலையைப் பறித்து, நிழலில் உலர்த்தி, பொடித்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு இறுக்கி மூடி வைப்பாள். இருமல் என்று வருகிறவர்கள் அதை வாங்கிப் போய் வெந்நீரில் போட்டுக் குடிப்பார்கள். பிறகு கொஞ்ச காலத்துக்குக் கடைப் பக்கம் வர மாட்டார்கள். கல்லாவில் உட்காரும் அவள் கணவருக்கு அந்தப் பொடியிடம் இருந்த ஒரே குறை அதுதான்.

அக்காவின் தம்பி அந்த அலுவலகத்திலேயே பரிசோதகர். வேதியியல் படித்தவர். தெருவே அவரை மரியாதையாகப் பரிசோதகர் என்றது. அக்கா மட்டும் டேய் என்றாள்.

அக்கா ஒரு கண்ணாடிப் பாட்டில் நிறையப் பொடியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். எழுத்தர் பாட்டிலை வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"கற்பூரவல்லிப் பொடி சார். இருமலுக்கு."

"அது தெரியுது. நீங்க படி ஏறும்போதே மூக்குக்கு வந்துடுச்சு. இதுக்கு மேல இருக்கறது என்ன?"

"மூடி சார்."

எழுத்தர் மூடியைத் தட்டிப் பார்த்தார். டங் என்றது. அவர் முகம் வாடியது.

"பாட்டில் கண்ணாடி. மூடி தகரம். ரெண்டையும் ஒரே பொருளா வாங்க எனக்கு அதிகாரம் இல்ல."

"மூடி பாட்டிலோடதுதானே சார்?"

"அது உங்க வீட்டுல. இங்க கண்ணாடி, பீங்கான் எல்லாம் முதல் பிரிவு. உலோகம் நாலாவது பிரிவு. ரெண்டும் தனித்தனியா போகும். மேல போய்ச் சேர்ந்துக்கும்."

"அதுவரைக்கும் பாட்டில் திறந்தா கிடக்கும்?"

"இங்க எதுவும் கிடக்காதும்மா. இருப்பில் இருக்கும்."

"திறந்து வச்சா வாசனை போயிடும் சார்."

எழுத்தர் இரக்கத்தோடு பார்த்தார். "வாசனையை நீங்க ஒப்படைக்கவே இல்லையேம்மா. பொடியைத்தான ஒப்படைச்சிருக்கீங்க. பொடி எங்கயும் போகாது. பயப்படாம போங்க."

பொடி எங்கும் போகவில்லை. முதல் பிரிவின் மேற்கு ஜன்னலில், நல்ல வெயிலில், வாய் திறந்தபடி நின்றது. ஆரம்பத்தில் மூக்கடைத்த ஊழியர்கள் வேலை இருப்பதுபோல அந்தப் பக்கம் வந்து மூச்சு இழுத்துவிட்டுப் போனார்கள். பிறகு வருவது குறைந்தது. பிறகு நின்றது. பரிசோதகர் ஒரு நாள் பாட்டிலின் வாயில் காகிதத்தை வைத்துக் கட்டிவிட்டு வந்தார். காகிதம் இரண்டாவது பிரிவுக்கு உரியது என்பதால் அது அன்று மாலையே மீட்கப்பட்டது. இதற்கிடையில் மூடி முறைப்படி நாலாவது பிரிவை அடைந்திருந்தது. மூடியில் மூலிகை எதுவும் காணப்படவில்லையே, ஏன் என்று அவர்கள் விளக்கம் கேட்டிருந்தார்கள்.

கோடை முழுக்கக் காய்ந்த பிறகு பாட்டில் பரிசோதனைக்கு வந்தது. பரிசோதகர் மோந்து பார்த்தார். பழைய வைக்கோல் வாசனைகூட இல்லை. என்ன முடிவு வரும் என்று தெரிந்தேதான் கருவியில் போட்டார். கருவியும் அவரை ஏமாற்றவில்லை. நேராகக் கண்காணிப்பாளரிடம் போனார்.

"சார், இதுல கார்வக்ரால் இல்ல, தைமால் இல்ல. இந்த இலைக்கு வாசனை குடுக்கறதே அந்த எண்ணெய்ச் சத்துதான். அது இருந்தாத்தான் இருமலுக்குக் கேக்கும். வெயில்ல திறந்து இருந்ததால பறந்து போயிருக்கு."

"பறந்ததை நீங்க பார்த்தீங்களா?"

"அது கண்ணுக்குத் தெரியாது சார்."

"கண்ணுக்குத் தெரியாததை எல்லாம் எழுத ஆரம்பிச்சா அப்புறம் ஆபீசுக்கும் கோயிலுக்கும் என்ன வித்தியாசம்? இருக்கா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்க. எங்க போச்சுன்னு தேடறது போலீஸ் வேலை."

பரிசோதகர் நாணயமானவர். 'தேடப்பட்ட வேதிப்பொருள்கள் எவையும் இந்த மாதிரியில் தற்போது தென்படவில்லை' என்று எழுதிக் கொடுத்தார். கண்காணிப்பாளர் 'தற்போது' என்பதை அடித்தார். அரசு அறிக்கை எப்போதைக்குமானது. அவருக்கு மேலே இருந்தவர் 'தேடப்பட்ட' என்பதை அடித்தார். தேடப்பட்டது என்றால், தேடாதது எது என்று யாராவது கேட்பார்களே? அவருக்கும் மேலே இருந்தவர், 'தென்படவில்லை' என்றால் யாருக்கோ கண் சரியில்லை என்று அர்த்தமாகிவிடும் என்று கருதி, 'இல்லை' என்று திருத்தினார். இப்படிக் கழிந்து கழிந்து அறிக்கை இயக்குநரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தபோது, 'இதில் கெமிக்கல் எதுவும் இல்லை' என்று இருந்தது.

அன்று மாலை பரிசோதகர் அக்கா கடையில் வந்து உட்கார்ந்தார்.

"போலி இலைன்னு போர்டைக் கழட்டிடுவாங்களாடா?" என்றாள் அக்கா.

"பயமாத்தான் இருக்குக்கா."

அவள் கணவர் கல்லாவை மூடினார். "மச்சான் உத்தியோகம் பார்க்கற ஆபீசே நம்ம கடையைப் பூட்டுதுன்னா, வெளிய சொல்லிக்கவே பெருமையா இருக்கு மாப்ள. வேற ஆபீசா இருந்தா இந்த உரிமை எடுத்துக்குவாங்களா?"

அக்கா துடைத்த டப்பாக்களையே மறுபடி துடைத்தாள். இருபது வருஷமாக அவள் கையால் வளர்ந்த கடை. போர்டு போனால் அவளுக்குச் செய்யத் தெரிந்த வேறு வேலை கிடையாது.

ஆனால் அவர்கள் மூவருக்கும் இயக்குநரைத் தெரியாது. இயக்குநர் நாகரிகம் அறிந்த மனிதர். அவர் வீட்டில் கெமிக்கல் இல்லாத சோப்பு, கெமிக்கல் இல்லாத மெத்தை, கெமிக்கல் இல்லாத உப்பு. உப்பே கெமிக்கல்தான் சார் என்று பரிசோதகர் ஒருமுறை பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அந்த வருஷம் வர வேண்டிய பதவி உயர்வு வரும் வழியிலேயே நின்றுவிட்டது. அப்பேர்ப்பட்ட இயக்குநர் அந்த ஒற்றை வரியைப் படித்துவிட்டு எழுந்து நின்றார். பரிசோதகரை வரவழைத்தார்.

"இதைப் பரிசோதிச்சது நீங்களா?"

"ஆமா சார். ஆனா..."

"எதுவுமே இல்லையா?"

"இல்ல சார். ஆனா..."

"உலகமே தேடிட்டு இருக்கற பொருளை நம்ம ஆபீஸ் கண்டுபிடிச்சிருக்கு. இதுல ஆனா எங்கேருந்து வருது?"

அந்த 'ஆனா' அங்கேயே நின்றுவிட்டது. ஒரு நல்ல நாளில் இயக்குநரே கடைக்கு வந்து, தங்க நிற ஓரம் போட்ட சான்றிதழை மாட்டிவிட்டுப் போனார். 'முற்றிலும் கெமிக்கல் அற்ற மூலிகை. அரசால் உறுதி செய்யப்பட்டது.' போர்டு தப்பித்தது என்று அக்கா பெருமூச்சு விட்டாள்.

மறுநாள் கடை திறக்கும்போதே வரிசை நின்றது. முதல் ஆளாக நின்றவர் துணிப்பை அம்மா. எங்கே போனாலும் தோளில் ஒரு துணிப்பை. பிளாஸ்டிக் உறையில் வருவதை எல்லாம் அதற்குள்தான் போட்டுக்கொள்வார்.

"கெமிக்கல் இல்லாத இலை இதுதான?"

"இதுதான்மா."

அக்கா டப்பாவைத் திறந்தாள். குப்பென்று வாசனை கிளம்பியது. துணிப்பை அம்மா ஓர் அடி பின்வாங்கினார்.

"என்ன இது, வாசனை வருது?"

"கற்பூரவல்லின்னா வாசனை வருமேம்மா."

"வாசனை வந்தா உள்ள ஏதோ இருக்குன்னு அர்த்தம். நான் படிச்சிருக்கேன். சான்றிதழை மாட்டிட்டு இந்த வேலை பார்க்காதீங்க. பார்த்தா நல்ல குடும்பமா இருக்கீங்க."

வரிசை முழுக்க முணுமுணுப்பு பரவியது. ஆபீசுக்குப் போன் போடலாம் என்று பின்னாலிருந்து ஒரு குரல் யோசனை சொன்னது. அக்காவின் கணவர் கல்லாவைவிட்டு எழுந்து வந்து, சரக்கு மேலே இருக்கிறது, மாலை வாருங்கள் என்று எல்லோரையும் கும்பிட்டு அனுப்பினார். பிறகு இருந்த டப்பாக்களை எல்லாம் அள்ளிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், கொளுத்துகிற வெயிலில் கொட்டிப் பரப்பினார்.

"என்னங்க பண்றீங்க? அது மருந்துங்க. அது மேல வெயிலே படக் கூடாது."

"மருந்து எவன் கேட்டான்? சான்றிதழுக்கு ஏத்த மாதிரி சரக்கு இருக்கணுமா வேண்டாமா? இதே வாசனையோட வித்தா ஒருத்தன் புகார் எழுதிப் போடுவான். நாளைக்கு வந்து போர்டைக் கழட்டுவாங்க. உனக்குக் கடை வேணுமா, வாசனை வேணுமா?"

அக்காவுக்குக் கடைதான் வேண்டும். அவளும் ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

வாசனை போன பொடி விற்ற வேகத்தைப் பார்த்து மற்றக் கடைகளும் விழித்துக்கொண்டன. காரம் போன மிளகு வந்தது. கசப்பு போன வேம்பு வந்தது. மஞ்சள் இல்லாத மஞ்சளை ஒருவர் கொண்டுவந்தபோது அதற்கு விருதே கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு வேப்பிலைச் சாற்றை நீட்டி, கசக்கவில்லை பார்த்தீர்களா, அவ்வளவு சுத்தம் என்று சொல்வது பெரிய இடத்து வழக்கமாகிவிட்டது.

பரிசோதகரால் பொறுக்க முடியவில்லை. கடை வாசலில் நின்று, வருகிறவர்களிடம் எல்லாம் பேசிப் பார்த்தார்.

"அம்மா, செடின்னாலே கெமிக்கல்தான். அந்தக் கெமிக்கல்தான் வேலை செய்யுது. இவ்வளவு ஏன், தண்ணியே ஒரு கெமிக்கல்தான்."

"தெரியும் தம்பி," என்றார் துணிப்பை அம்மா. "அதனாலதான் நாங்க காய்ச்சி வடிகட்டிக் குடிக்கிறோம்."

மழைக்காலம் வந்தது. கூடவே இருமலும் வந்தது. ஊரே பொடி வாங்கியது, ஊரே குடித்தது, ஊரே இருமியது. முன்பு ஒரு தடவை வாங்கினால் மறுபடி எட்டிப் பார்க்காத ஆட்கள் இப்போது வாரா வாரம் வந்தார்கள். கல்லாவில் இருந்தவருக்குப் பொடியிடம் இருந்த அந்த ஒரே குறையும் நீங்கியது. குடித்தும் இருமல் நிற்கவில்லையே என்று யாராவது கேட்டால், பக்கத்தில் நிற்பவரே பதில் சொல்லிவிடுவார்: உடம்பில் இத்தனை வருஷம் சேர்ந்த கெமிக்கல் எல்லாம் வெளியே வருகிறது, வரட்டும், தடுக்கக் கூடாது.

அப்படிக் கெமிக்கல் வெளியே வந்துகொண்டிருந்தவர்களில் இயக்குநரும் ஒருவர். மறுநாள் அவர் ஒரு பெரிய மாநாட்டில் கெமிக்கல் இல்லாத மூலிகைகள் பற்றிப் பேச வேண்டும். ஒரு வாக்கியம்கூட முழுதாக வரவில்லை. மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, காரைத் தள்ளி நிறுத்திவிட்டு வந்தார்.

"அம்மா, உங்க பொடியைத்தான்... விடாம..." மீதியை இருமல் சொன்னது.

அக்கா அவரைப் பார்த்தாள். சுவரில் அவர் மாட்டிய சான்றிதழைப் பார்த்தாள். டப்பாவில் இருப்பதைக் கொடுத்து அனுப்பிவிட்டால் கடைக்கு ஒரு கஷ்டமும் வராது. ஆனால் கண்ணில் நீர் முட்ட இருமிக்கொண்டு ஒருவர் எதிரில் நிற்கும்போது, அவர் அதிகாரியா இல்லையா என்பது எல்லாம் மறந்துபோகிற சுபாவம் அவளுக்கு. பின்வாசல் வழியாகப் போய் நாலைந்து தடித்த இலைகளைப் பறித்தாள். அனலில் வாட்டி, சாறு பிழிந்து, வெந்நீரில் கலந்து கொண்டுவந்து கொடுத்தாள்.

"குடிங்க சார். காரமா இருக்கும். பொறுத்துக்கோங்க."

மறுநாள் மாநாட்டில் இயக்குநர் தடையில்லாமல் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவருக்கு இருமல் வராதா என்று ஏங்கும் அளவுக்குப் பேசினார். பேசி முடித்து நாற்காலியில் சாய்ந்தபோதுதான் அவருக்கு ஒரு சந்தேகம் தட்டியது. குணமாகியிருக்கிறதே, எப்படி?

அக்காவையும் அவள் தம்பியையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கண்காணிப்பாளரும் உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்கு நீங்க எனக்குக் கொடுத்ததுல என்ன இருந்துச்சு?" என்றார் இயக்குநர்.

"இலைச் சாறு சார்."

"சாறுக்குள்ள?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். பரிசோதகர் தொண்டையைச் செருமினார். "கார்வக்ரால், சார்."

"கெமிக்கலா?"

"அதுதான் சார் மருந்து."

இயக்குநர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப மருந்துக் கடையில மருந்து வச்சிருந்திருக்கீங்க."

கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அதுவும் என் சான்றிதழுக்குக் கீழயே," என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகம் இருந்தது. "எனக்குக் குணமாச்சு பாருங்க, அதைவிட வேற ஆதாரம் என்ன வேணும்? சான்றிதழை ரத்து பண்ணணும். போர்டைக் கழட்டணும்."

அக்கா சேலைத் தலைப்பை இறுக்கிக்கொண்டாள். கண் கலங்கியது. குரல் கலங்கவில்லை.

"கழட்டிக்கோங்க சார். நான் கொடுத்தது நிஜம்தான். செடியையும் இன்னைக்கே பிடுங்கிப் போட்டுடறேன். மறுபடி யாராவது இருமிட்டு வந்து நின்னா என்னால சும்மா இருக்க முடியாது."

இயக்குநர் சரி என்று சொல்ல வாயைத் திறந்தார். அடித்தொண்டையில் லேசாக ஒரு கரகரப்பு. வாயை மூடிக்கொண்டார். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. மழைக்காலம் முடிய இன்னும் நாள் கிடந்தது.

"செடி விஷயத்துல அவசரப்படக் கூடாதும்மா," என்றார். "எந்தப் பக்கம் இருக்கு அது?"

"பின்னால சார். பின்வாசலைத் திறந்தா முற்றம். அங்க."

கண்காணிப்பாளர் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். முப்பது வருஷம் கோப்பு பார்த்த மனிதர்.

"சார், முன்வாசல்ல விக்கற பொடியில ஒண்ணும் இல்ல. அது நிச்சயம். என் வீட்டுல எல்லாரும் குடிச்சு எல்லாரும் இருமறோம். அதனால சான்றிதழ் சரி. சான்றிதழ் சரின்னா ஆபீஸ் சரி. பிரச்சினை எல்லாம் அந்தப் பின்வாசல்ல இருந்துதான் வருது. பின்வாசல்னு ஒண்ணு இருந்தாத்தானே அங்க செடி இருக்க முடியும்?"

"இடிச்சு மூடிடச் சொல்றீங்களா?"

"ஐயோ, மூடினா நாம எப்படிப் போறது சார்? இல்லைன்னு பதிவு பண்ணிட்டாப் போதும். கடையைப் பார்வையிட்டோம், பின்வாசல் இல்லை. பரிசோதகர் படிச்சவர், அவர் பார்த்துட்டு வந்து ஒரு கையெழுத்துப் போட்டா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

கடைக்குப் பின்வாசல் இல்லை என்று முடிவான செய்தி அன்று மாலையே ஊருக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலை பின்வாசலில் வரிசை நின்றது.

முன்வாசலிலும் ஒரு வரிசை நின்றது. இரண்டும் ஒரே ஆட்கள்தான். முன்னால் பொடி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, சந்து வழியாகச் சுற்றி வந்து பின்னால் நின்றார்கள். பின்னால் நிற்கும்போது மட்டும் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள்போல் வானத்தைப் பார்த்துக்கொண்டார்கள். இயக்குநரின் டிரைவர் ஒரு டம்ளரோடு நின்றார். எழுத்தர் நின்றார். கண்காணிப்பாளர் குடும்பத்தோடு நின்றார். அக்கா ஒவ்வொருவருக்கும் இலையை வாட்டிப் பிழிந்து கொடுத்துக்கொண்டே இருந்தாள். அவளிடம் குடித்தவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே வரியைத்தான் சொன்னார்கள்: வெளியே சொல்லிடாதீங்க.

பார்வையிட வந்த பரிசோதகர் துணிப்பை அம்மாவின் முன்னால் நின்றுவிட்டார்.

"இதுதான் வேலை செய்யுதுன்னு தெரியுதில்ல. அப்புறம் எதுக்கும்மா முன்னால போய் அதை வாங்கறீங்க?"

"இது இருமலுக்கு தம்பி," என்றார் அவர், வானத்தைப் பார்த்தபடியே. "அது வீட்டுல வைக்கறதுக்கு. வர்றவங்க பார்ப்பாங்கல்ல."

பரிசோதகர் முற்றத்துக்குள் வந்து, கவிழ்த்திருந்த ஒரு வாளியின் மேல் உட்கார்ந்தார். கண்காணிப்பாளர் தட்டச்சு செய்தே கொடுத்தனுப்பியிருந்த ஒற்றை வரி அவர் மடியில் இருந்தது. எதிரே கதவு விரியத் திறந்து கிடந்தது.

"எப்படிக்கா கையெழுத்துப் போடறது? கதவு என் மூக்குக்கு நேரா நிக்குது."

"போடாட்டி போர்டு போயிடும்டா."

"நான் படிச்ச படிப்புக்கு..."

"உன் படிப்புல தப்பு ஒண்ணும் இல்ல." அக்கா கையில் வழிந்த சாற்றைத் துடைத்துக்கொண்டாள். "முன்னால அவங்க ஒண்ணும் இல்லாததை வாங்கிட்டுப் போற வரைக்கும்தான் பின்னால இந்தச் செடிக்கு நான் தண்ணி ஊத்த முடியும். போட்டுட்டுப் போ. ஆபீசுக்கு நேரமாச்சு."

பரிசோதகர் பேனாவைத் திறந்தார். பிறகு, 'நேரில் பார்வையிட்டேன். இக்கடைக்குப் பின்வாசல் இல்லை' என்ற வரிக்குக் கீழே, வேதியியல் பட்டத்தோடு சேர்த்து, தெளிவாகக் கையெழுத்துப் போட்டார். அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வரிசையில் நின்றவர்களைக் கொஞ்சம் விலகச் சொல்லி, பின்வாசல் வழியாகவே வெளியே போனார். முன்வாசலில் கூட்டம் அதிகம்.